இகேஎஸ்சிடிஎல்: ஒரே கட்டளையில் கிளஸ்டர்

அமேசான் கிளவுடில் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை உருவாக்கவும், பராமரிக்கவும், வேலை முடிந்ததும் அழிக்கவும் பயன்படும் கட்டளை வரிக் கருவி இகேஎஸ்சிடிஎல். அமேசானின் குபெர்னெட்டிஸ் சேவையான இகேஎஸ் 2018 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, அதில் ஒரு கிளஸ்டரை எழுப்புவதற்கே பாதி நாள் போய்விடும். விபிசி, சப்நெட், செக்யூரிட்டி குரூப், ஐஏஎம் ரோல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்து, கடைசியில் செயலிகள் ஓடும் கணினிகளான நோடுகளைக் கையாலேயே இணைக்க வேண்டியிருந்தது. லண்டனைச் சேர்ந்த வீவ்வொர்க்ஸ் நிறுவனம் அதே ஆண்டில் இந்த வேலைகளையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடக்கி, கோ மொழியில் இந்தக் கருவியை எழுதித் திறமூலமாக வெளியிட்டது. வீவ்வொர்க்ஸ் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டாலும் கருவி நின்றுபோகவில்லை. இன்று அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ் அதைப் பராமரிக்கிறது. பழைய வழிகாட்டிகளில் வீவ்வொர்க்ஸ் பெயரில் தரப்பட்டிருக்கும் பதிவிறக்க முகவரிகளைப் பின்பற்றாமல், இப்போதைய அதிகாரப்பூர்வ ஆவணத்தில் உள்ளதை எடுத்துக்கொள்வது நல்லது.

நிறுவுவது எளிது. முழுக் கருவியும் ஒரே ஒரு பைனரி கோப்பு. லினக்ஸில் கணினியின் பிராசஸருக்கு ஏற்ற டார் கோப்பை கிட்ஹப்பிலிருந்து இறக்கி, விரித்து, கட்டளைகள் இருக்கும் அடைவுக்கு நகர்த்தினால் முடிந்தது. மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் சாக்லேட்டி வழியாகவும் நிறுவலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு ஒரு கோப்பு, ஆர்ம் கணினிகளுக்கு வேறொன்று. மாற்றி இறக்கினால் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். அடுத்து, பதிவிறக்கப் பக்கத்திலேயே செக்சம் கோப்பும் தரப்படுகிறது. அதை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். நிறுவனத்தின் கிளவுட் கணக்கையே கையாளப் போகும் நிரலுக்கு அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் இருப்பது சரியல்ல.

இகேஎஸ்சிடிஎல்லை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க முடியாது. கிளஸ்டருக்குள் வேலை செய்ய கியூப்சிடிஎல் வேண்டும். அடையாளச் சான்றுகளுக்கு ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ வேண்டும். கியூப்சிடிஎல்லின் பதிப்பு, கிளஸ்டரின் பதிப்பிலிருந்து ஒரு சிறு பதிப்புக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. சிஎல்ஐ பழையதாக இருந்தால் வேறொரு தொல்லை உண்டு. கியூப்சிடிஎல் 1.24 பதிப்பில் பழைய அங்கீகார ஏபிஐ நீக்கப்பட்டது. அந்த ஏபிஐயையே பயன்படுத்தும் பழைய சிஎல்ஐ இருக்கும் கணினியில், கிளஸ்டர் நன்றாக உருவான பிறகும் ‘இன்வேலிட் ஏபிஐ வெர்ஷன்’ என்று பிழை வரும். கிளஸ்டரில் குற்றமில்லை, சிஎல்ஐயைப் புதுப்பித்தால் போதும் என்பது அந்தச் செய்தியைப் பார்த்தவுடன் தெரிவதில்லை.

முதல் கட்டளைக்கு முன், டெர்மினல் எந்த அடையாளத்தில் இயங்குகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிஎல்ஐயின் ‘எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி’ கட்டளை கணக்கு எண்ணையும் பயனர் அல்லது ரோலின் முழுப் பெயரையும் காட்டும். இகேஎஸ்ஸில் கிளஸ்டரை உருவாக்கும் ஐஏஎம் அடையாளத்துக்கே வழக்கமாக முதல் நிர்வாக உரிமை கிடைக்கிறது. ஒருவர் தன் சொந்தச் சான்றில் உருவாக்கிய கிளஸ்டருக்குள் அதே அலுவலகத்தின் மற்றவர், ஏடபிள்யூஎஸ் கணக்கில் முழு அதிகாரம் உள்ளவராகவே இருந்தாலும், நுழைய முயன்றால் ‘அன்ஆதரைஸ்டு’ என்ற பதில்தான் வரும். அவரை ‘கிரியேட் ஆக்சஸ்என்ட்ரி’ கட்டளையால் தனியே சேர்க்க வேண்டும். குழுவாக வேலை செய்யும் இடங்களில் தனிநபர் சான்றைத் தவிர்த்து, பொதுவான ஒரு ரோலில் கிளஸ்டரை உருவாக்குவதே முறை.

‘இகேஎஸ்சிடிஎல் கிரியேட் கிளஸ்டர்’. இவ்வளவுதான் கட்டளை. வேறெதுவும் சொல்லாவிட்டால் பெயரைக் கருவியே வைத்துக்கொள்ளும், இயல்புப்படி எம்5.லார்ஜ் வகையில் இரண்டு நோடுகளை எடுக்கும். புதிய விபிசி ஒன்றை 192.168.0.0/16 முகவரித் தொகுதியில் அமைக்கும். சிஎல்ஐயில் ரீஜன் குறிப்பிடப்படவில்லை என்றால் அமெரிக்காவின் ஓரிகன் ரீஜனைப் பிடித்துக்கொள்ளும். மும்பை ரீஜனில் கன்சோலைத் திறந்து வைத்திருப்பவர் அங்கே பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்து, கட்டளை தோற்றுவிட்டது என்று மறுபடியும் ஒருமுறை இயக்கும் அபாயம் இங்கே இருக்கிறது. அப்படிச் செய்தால் கிளஸ்டர்கள் இரண்டாகும்; பில்லும் இரண்டு மடங்காகும்.

கட்டளை இயங்கத் தொடங்கியதும் திரையில் வரி வரியாகச் செய்திகள் ஓடும். எந்த ரீஜன், எந்த அவைலபிலிட்டி ஜோன்கள், எந்த சப்நெட்டுக்கு எந்த முகவரி என்பவை முதலில் வரும். பிறகு ‘வெயிட்டிங் ஃபார் கிளவுட்ஃபார்மேஷன் ஸ்டாக்’ என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். முழுவதும் முடிய ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவது தவறு. கருவி நின்றாலும், ஏடபிள்யூஎஸ்ஸின் கட்டமைப்பு உருவாக்கும் சேவையான கிளவுட்ஃபார்மேஷன் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டேதான் இருக்கும்.

இந்தக் கருவியைப் புரிந்துகொள்ள ‘வெயிட்டிங்’ என்ற அந்த ஒரு வரிதான் வழி. இகேஎஸ்சிடிஎல், கிளவுட்ஃபார்மேஷனுக்கான வார்ப்புருக்களை எழுதி, அதனிடம் ஒப்படைத்து, முடிவுக்குக் காத்திருக்கிறது. கிளஸ்டருக்கு ஒரு ஸ்டாக், ஒவ்வொரு நோடு குழுவுக்கும் ஒரு ஸ்டாக். டெராஃபார்ம் கருவியைப் போல நிலைக் கோப்பு எதையும் அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தெரிய வேண்டியதை ஏடபிள்யூஎஸ்ஸிடமே கேட்டுக்கொள்கிறது. ஒரு கணினியில் உருவாக்கிய கிளஸ்டரை வேறொரு கணினியிலிருந்து நிர்வகிக்க எதையும் பகிர வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. பிழை வந்தால் உண்மையான காரணம் கிளவுட்ஃபார்மேஷனின் நிகழ்வுப் பட்டியலில் முதலில் தோற்ற வரியில் இருக்கும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். தோற்ற பிறகு அதே பெயரில் கட்டளையை மீண்டும் கொடுத்தால், அந்தப் பெயரில் ஸ்டாக் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். முதலில் அழித்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கருவி எதுவும் சொல்வதில்லை. இதன் பெரிய குறை இதுவே. கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேனுக்கு மணிக்கு 10 சென்ட். ஓரிகன் விலையில் எம்5.லார்ஜ் ஒன்றுக்கு மணிக்கு 9.6 சென்ட், இரண்டுக்கு 19.2, இயல்பாகவே சேர்ந்துவிடும் நாட் கேட்வேக்கு 4.5 சென்ட். ஆக, கிளஸ்டரில் ஒரு செயலிகூட ஓடாவிட்டாலும் நாளொன்றுக்கு 8 டாலருக்கு மேல் போகும். டிஸ்க், பொது ஐபி முகவரி, தரவுப் போக்குவரத்து ஆகியவை தனிக் கணக்கு. படிப்பதற்காக உருவாக்கி, மறந்துபோய் ஒரு மாதம் விட்டால் 240 டாலரைத் தாண்டும். மாணவர் ஒருவருக்கு இது சிறு தொகை அல்ல. கட்டளை இயங்கும் முன் ஒரு வரி மதிப்பீடாவது காட்டியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஆகவே முதல் கட்டளையிலேயே ‘டிரை-ரன்’ கொடியைச் சேர்ப்பது நல்ல பழக்கம். அப்போது கருவி எதையும் உருவாக்காது. என்ன உருவாக்கப் போகிறது என்பதை யாமல் வடிவில் அச்சிடும். அதை ஒரு கோப்பில் சேமித்து, வேண்டியபடி திருத்தி, அந்தக் கோப்பைக் கொடுத்துக் கிளஸ்டரை எழுப்பலாம். பெயர், ரீஜன், குபெர்னெட்டிஸ் பதிப்பு, நோடு வகை, குறைந்தபட்ச அதிகபட்ச எண்ணிக்கை எல்லாம் கண்முன் இருக்கும். பயிற்சிக்கான கிளஸ்டரில் நாட் கேட்வேயை ‘டிசேபிள்’ என்று மாற்றி, நோடுகளைப் பொது சப்நெட்டிலேயே விட்டு, வகையை டி3.மீடியம் ஆக்கினால் மணிச் செலவு ஏறக்குறைய பாதியாகும். உற்பத்திச் சூழலில் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே நோடுகள் பிரைவேட் சப்நெட்டில்தான் இருக்க வேண்டும்.

மலிவு என்று நோடு வகையை இன்னும் கீழே இறக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. இகேஎஸ்ஸில், செயலி ஓடும் அலகான ஒவ்வொரு பாடுக்கும் விபிசியிலிருந்தே ஐபி முகவரி கொடுக்கப்படுவதால், நோடின் நெட்வொர்க் கார்டுகள் தாங்கும் முகவரிகளின் எண்ணிக்கைதான் பாட்களின் உச்சவரம்பு. எம்5.லார்ஜில் 29 பாட்கள் இடம்பெறும், டி3.மீடியத்தில் 17, டி3.ஸ்மாலில் 11. டி3.மைக்ரோவில் வெறும் 4. ஒரே நோடுதான் என்றால், அந்த நான்கில் நெட்வொர்க் பிளக்-இன் ஒன்று, கியூப்-பிராக்ஸி ஒன்று, கோர்டிஎன்எஸ் இரண்டு என்று கிளஸ்டரின் சொந்த பாட்களே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பயனர் ஏற்றும் முதல் செயலி ‘பென்டிங்’ நிலையிலேயே நிற்கும். நினைவகம் காலியாக இருக்கிறதே, ஏன் ஏறவில்லை என்று தேடுபவர்கள் ‘டூ மெனி பாட்ஸ்’ என்ற வரியைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

கிளஸ்டர் தயாரானதும் அதன் முகவரியையும் சான்றையும் கருவி தானாகவே கியூப்கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடும். ‘கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்’ என்று கேட்டால் இரண்டு நோடுகளும் ‘ரெடி’ என்று நிற்கும். கோப்பு எழுதப்படாமல் போயிருந்தால் ‘லோக்கல்ஹோஸ்ட் 8080’ இணைப்பை மறுத்தது என்ற செய்தி வரும். அதைக் கண்டால் ‘யூட்டில்ஸ் ரைட்-கியூப்கான்ஃபிக்’ கட்டளை கொடுத்தால் சரியாகும். கோப்பை எழுதும்போது நடப்பு கான்டெக்ஸ்டையும் இகேஎஸ்சிடிஎல் புதிய கிளஸ்டருக்கு மாற்றிவிடுகிறது. ஏற்கெனவே வேறு கிளஸ்டர்களோடு வேலை செய்பவருக்கு இது ஆபத்தானது. எந்த டெர்மினலிலும் ‘டிலீட்’ கட்டளைக்கு முன் ‘கான்ஃபிக் கரண்ட்-கான்டெக்ஸ்ட்’ கேட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

செயலிகளை ஏற்றத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாட்டுவது டேட்டாபேஸ். அதற்கு டிஸ்க் கேட்கும் பிவிசி ‘பென்டிங்’ நிலையிலேயே நிற்கும். இகேஎஸ் 1.23 பதிப்பிலிருந்து இபிஎஸ் டிஸ்குகளைக் கையாளும் சிஎஸ்ஐ டிரைவரைத் தனி ஆட்-ஆனாகச் சேர்க்க வேண்டும். அதற்கு ஐஏஎம் அனுமதியும் தர வேண்டும். இந்த இடத்தில்தான் இகேஎஸ்சிடிஎல்லின் உண்மையான அருமை தெரிகிறது. ஒரு பாடுக்கு ஐஏஎம் ரோல் கொடுப்பதைக் கையால் செய்தால், கிளஸ்டரின் ஓஐடிசி முகவரியை எடுத்து, நம்பிக்கைக் கொள்கையை ஜேசனில் எழுதி, ரோலை உருவாக்கி, சர்வீஸ் அக்கவுன்டில் குறிப்பு ஒட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அனுமதி மறுக்கப்படும். கருவியில் ‘கிரியேட் ஐஏஎம்சர்வீஸ்அக்கவுன்ட்’ என்ற ஒரே கட்டளை இவ்வளவையும் பிழையின்றி முடித்துத் தருகிறது. கிளஸ்டரை வேறு கருவியால் உருவாக்கியவர்கள்கூட இந்த ஒரு வசதிக்காக இகேஎஸ்சிடிஎல்லை நிறுவிக்கொள்ளலாம்.

யாமல் கோப்பைப் பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு பரவலாக இருக்கிறது. கோப்பைத் திருத்தி மறுபடி கொடுத்தால் கிளஸ்டர் அதற்கேற்ப மாறிவிடும் என்று நினைப்பார்கள். அப்படி மாறாது. நோடு எண்ணிக்கைக்கு ‘ஸ்கேல் நோட்குரூப்’, பதிப்பு உயர்வுக்கு ‘அப்கிரேட் கிளஸ்டர்’ என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டளை. நோடு வகையை மாற்ற வேண்டுமானால் புதிய நோடு குழுவை உருவாக்கி, பழையதை அழிக்க வேண்டும். பாட்களை அங்கிருந்து வெளியேற்றும் வேலையைக் கருவியே செய்யும். பதிப்பு உயர்வில் கருவி காட்டும் நிதானம் பாராட்டத்தக்கது. ‘அப்ரூவ்’ கொடி இல்லாமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். உயர்வு ஒவ்வொரு சிறு பதிப்பாகத்தான் நடக்கும். தாண்டிச் செல்ல முடியாது. உயர்த்தாமல் விடுவதற்கும் விலை உண்டு. ஒரு பதிப்புக்கு இகேஎஸ் 14 மாதம் வழக்கமான ஆதரவு தருகிறது. அதற்குப் பிறகு கன்ட்ரோல் பிளேனின் கட்டணம் மணிக்கு 10 சென்டிலிருந்து 60 சென்டாக ஏறுகிறது.

அழிப்பதில் அந்த நிதானம் இல்லை. ‘டிலீட் கிளஸ்டர்’ என்று பெயரைக் கொடுத்தால் உறுதிகூடக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். ‘வெயிட்’ கொடி சேர்க்காவிட்டால் கிளஸ்டர் ஸ்டாக்கை அழிக்கும்படி கிளவுட்ஃபார்மேஷனிடம் சொல்லிவிட்டு, முடிகிறதா என்று பார்க்காமலே திரும்பிவிடும். டெர்மினலில் எல்லாம் நல்லபடி முடிந்ததுபோல இருக்கும். விபிசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நெட்வொர்க் இடைமுகத்தால் ஸ்டாக் ‘டிலீட் ஃபெயில்டு’ நிலையில் தங்கி, நாட் கேட்வேயோ லோட் பேலன்சரோ பில்லில் ஏறிக்கொண்டிருக்கலாம். பாட்களை வெளியேற்ற முடியாமல் அழிப்பு நடுவில் நின்றால், அதற்கென்றே ‘டிசேபிள்-நோட்குரூப்-எவிக்ஷன்’ கொடி இருக்கிறது. பிவிசி வழியாக உருவான இபிஎஸ் டிஸ்குகள் கிளஸ்டர் போன பிறகும் நிற்கக்கூடும். எனவே வரிசை முக்கியம்: முதலில் லோட் பேலன்சர் வகை சர்வீஸ்களையும் பிவிசிகளையும் நீக்கி, பிறகு ‘வெயிட்’ கொடியோடு கிளஸ்டரை அழித்து, கடைசியாகக் கிளவுட்ஃபார்மேஷன், டிஸ்க் பட்டியல் இரண்டையும் கன்சோலில் பார்த்துவிட வேண்டும்.

குபெர்னெட்டிஸின் அடிப்படைகளைப் படிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இகேஎஸ்சிடிஎல் தேவையில்லை; மினிகியூப், கைண்ட் ஆகியவை சொந்தக் கணினியிலேயே செலவில்லாமல் அதைத் தரும். ஆர்டிஎஸ், எஸ்3 என்று பல சேவைகளையும் ஒரே இடத்திலிருந்து எழுதி நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு டெராஃபார்மே பொருத்தம். கிளஸ்டரை மட்டும் பிரித்து வேறு கருவியிடம் கொடுப்பது பின்னால் குழப்பம் தரும். இகேஎஸ்ஸை மட்டும் பயன்படுத்தும் சிறு குழுவுக்கும், இகேஎஸ்ஸைக் கற்க வருபவருக்கும் இன்று இதைவிட எளிய வழி இல்லை. அவர்கள் ‘கிரியேட்’ கட்டளையைத் தொடும் முன் ஏடபிள்யூஎஸ் கணக்கில் ஒரு பட்ஜெட் எச்சரிக்கையை அமைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.