தொலைபேசியில் மெய்க்கீர்த்தி

விழுப்புரம் பக்கம், பிரம்மதேசத்துக்கு அடுத்த ஊர் எண்ணாயிரம். அங்குள்ள முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஒரு கல்லூரியின் 340 மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் நெல் அளந்த கணக்கைச் சொல்கிறது. அவன் காலத்துச் சாசனங்கள் பலவற்றில் இப்படிப்பட்ட விஷயத்துக்கு வருமுன், அரசன் புகழ் பாடும் முன்னுரையான மெய்க்கீர்த்தியைக் கடந்தாக வேண்டும். அவன் நாடுகளை வெல்ல வெல்ல அதுவும் வளர்ந்துகொண்டே போனது. கல்லின் முன் நிற்பவர் பொறுமையாகப் படிப்பார். மல்லாட்டைக் கொல்லையில் மண் ஒட்டிய கையோடு செல்போனை எடுப்பவர் அப்படி நிற்க மாட்டார்.

டெலிகாலர்களின் ஸ்கிரிப்டுகள் பலவற்றைக் கெடுப்பது இந்த மெய்க்கீர்த்திதான். கம்பெனி தொடங்கிய ஆண்டு, கிளைகள், விருதுகள் எல்லாம் முடிவதற்குள் எதிர்முனை துண்டிக்கப்பட்டிருக்கும். நல்ல ஸ்கிரிப்டின் தொடக்கம் ஒரே மூச்சில் முடியும். சொட்டுநீர்க் கருவி விற்பவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம்: “ஐயா வணக்கம், விழுப்புரத்துலேருந்து பேசறேன். சொட்டுநீர் போடற விஷயமா. ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?” ஊர், விஷயம், அனுமதி மூன்றும் வந்துவிட்டன. அடுத்ததாக, “தண்ணி கிணறா, போருங்களா?” என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். எதிரில் இருப்பவர் தன் நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அழைத்தவர் பேச வேண்டியதில் பாதி குறைந்துவிடும்.

அதற்காக எழுதி வைப்பதும் அரைப் பக்கத்தில் முடிய வேண்டும் என்பதில்லை. தேர்ந்த கையால் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் பத்துப் பக்கம்கூடப் போகும். மானியம் எவ்வளவு என்றால் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம்; என்னென்ன சான்று வேண்டும்; குழாயை எலி கடித்தால் என்ன செய்வது; “பையனைக் கேட்டுச் சொல்றேன்” என்றால் மறுபடி எப்போது கூப்பிடுவது. இத்தனைக்கும் பதில் தயாராக இருக்கும். ஆனால் ஓர் அழைப்பில் அவற்றில் இரண்டோ மூன்றோதான் வாய்க்கு வரும். மீதிப் பக்கங்கள் பேசுபவரின் குரலில் நிதானமாக மட்டும் தெரியும். எழுத்தில் நீளம், பேச்சில் சுருக்கம்: இந்த இரண்டையும் ஒன்றாக்கி எல்லாவற்றையும் ஒப்பிக்கச் சொல்லும் மேலாளர்கள்தான் நல்ல குரல்களை வீணாக்குகிறார்கள்.

சுருக்கக் கூடாத இடமும் உண்டு. காப்பீடு, கடன் என்று வந்தால் வட்டியையும் நிபந்தனையையும் முழுக்கச் சொல்லியே தீர வேண்டும். அங்கே வேகமாக உருட்டிவிடுவது ஏமாற்று. நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டு, மறுபடி சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம் கூடினால் கூடட்டும்.

விளம்பர அழைப்புகளுக்கென்று 140 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். வேண்டாதவர்கள் 1909க்குச் சொல்லித் தடுத்துக்கொள்ளலாம். அப்படித் தடுக்காமல் எடுத்தவரும் பாதியில் “வேணாம்பா” என்று சொல்லலாம். அதற்கான பதிலை ஸ்கிரிப்டில் முதலிலேயே எழுதி வைத்திருப்பவரை நான் மெச்சுவேன். “சரிங்கய்யா, வேலையைப் பாருங்க” என்ற அளவு போதும். அடுத்த பருவத்தில் அதே குரல் கூப்பிட்டால் அவர் எடுப்பார்.