மாற்றுருவம்: பொம்மைகளை முன்வைத்து

தழுவல் என்பது நம் விமர்சனத்தில் ஒரு வசைச்சொல். ஒரு கதை மாப்பஸானிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் விமர்சகனின் வேலை முடிந்துவிடுகிறது, திருடன் பிடிபட்டான். வந்தது என்ன ஆயிற்று, வந்த இடத்தில் அது என்ன காரியம் செய்கிறது என்ற கேள்விகள் எழுவதேயில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், எல்லா எழுத்தும் வேறு எழுத்துக்களால் நெய்யப்பட்டதுதான் என்று சொல்லிக் கேள்வியையே கரைத்துவிடும் கோஷ்டி ஒன்று இருக்கிறது. இரண்டும் சோம்பல்தான். முதலாவது போலீஸ்காரனின் சோம்பல், இரண்டாவது பேராசிரியரின் சோம்பல். இலக்கியத்துக்குள் நின்றுகொண்டு இதைப் பேசினால் உடனே ஆட்களின் பெயர்கள் வந்துவிடுகின்றன, விஷயம் போய்விடுகிறது. எனவே பொம்மைகளை முன்வைத்துப் பேசுகிறேன். 'என்ன அண்ணாச்சி, பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறதுக்கும் நம்ம பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒரு கவிஞ நண்பர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறதா என்பதை அவரே படித்துச் சொல்லட்டும்.

நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட வகைப் பொம்மை. மேஜைமேல் மலையும் காடும் பாழ்மண்டபமுமாக ஒரு நிலத்தை அமைத்து, இரண்டு படைகளை நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுகிற யுத்த விளையாட்டுக்கான உருவங்கள். இதன் பூர்வீகம் ராணுவம். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி படைப் பயிற்சிக்கான ஆட்டம் ஒன்றை முன்வைத்தார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகமாக வெளியிட்டார். 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1983இல் இங்கிலாந்தின் 'வார்ஹாமர்' என்று வரும்போது சிப்பாய்களின் இடத்தைப் பூதங்களும் குள்ளர்களும் எலும்புக்கூடுகளும் பிடித்துக்கொண்டுவிட்டன. உருவம் சுமார் 28 மில்லிமீட்டர் உயரம். முன்பு ஈயக்கலவை, இப்போது பெரும்பாலும் பாலிஸ்டைரீன். நிறமில்லாமல், கை வேறு கால் வேறாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசுவது வாங்கியவன் பாடு.

எனக்கு ஆட்டம் இரண்டாம்பட்சம். தூத்துக்குடியில் எதிராளி கிடைப்பதும் கஷ்டம். வந்த உருவத்தை அறுத்து வேறொன்றாக்குவதில்தான் ருசி. அந்த வட்டாரத்தில் இதற்குக் கன்வெர்ஷன் என்று பெயர். ஆரம்ப வருஷங்களில் பெட்டியில் எல்லாம் கிடைக்காததால் இது தேவையாகவே இருந்தது. 1980களில் அந்தப் பக்கங்களில் பிரசித்தமான ஒரு டாங்கி, தீர்ந்துபோன டியோடரண்ட் டப்பாவில் செய்யப்பட்டது. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கப்பல்களிலும் இதே வேலைதான்: டாங்கி மாதிரிகள், கப்பல் மாதிரிகள் என்று கடையில் விற்கும் பெட்டிகளை உடைத்து, அந்தத் துண்டுகளை மேல்தளமெங்கும் ஒட்டியிருந்தார்கள். பார்க்கிறவனுக்கு ஏதோ பெரிய யந்திரம் என்ற பிரமை. ஆனால் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றல்ல என்பது என் கட்சி. விண்கப்பலில் ஒட்டிய துண்டு டாங்கியாக இருந்ததை நாம் மறந்தால்தான் கப்பல் பிழைக்கும். டப்பா அப்படியல்ல. டப்பாவின் வளைவுதான் டாங்கியின் வளைவு. டப்பாவை மறக்கச் செய்துவிட்டால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை.

இதை நம் ஊர்ப் பக்கத்திலேயே பார்க்கலாம். கன்யாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் சிப்பிக் கடைகள் இருக்கின்றன. சிப்பியை ஒட்டிச் செய்த மயில், சிப்பி ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி, சிப்பிப் பிள்ளையார். பெரும்பாலும் பார்க்கச் சகிக்காதவை. காரணம் மலிவு அல்ல. அந்த மயிலில் சிப்பி வெறும் ஓடு, செங்கல்லைப்போல ஒரு கட்டுமானச் சரக்கு. சிப்பிக்குப் பதில் புளியங்கொட்டையை ஒட்டியிருந்தாலும் மயில் மயில்தான். அதே கடையில், அதே மனிதர் விற்கும் ஒரு சின்ன ஆமை இருக்கிறது. ஒரு சோழி, அதற்கடியில் நாலு சிறு சிப்பிகள் கால்களாக, முன்னால் ஒன்று தலையாக. சோழியின் முதுகில் உள்ள மேடு ஆமை ஓட்டின் மேடேதான். ஆனால் நீங்கள் ஒரு கணம்கூடச் சோழியை மறப்பதில்லை. கண் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டேயிருக்கிறது. பிக்காஸோ 1942இல் ஒரு சைக்கிள் ஸீட்டையும் ஹாண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலையாக்கியதும், 1951இல் இரண்டு விளையாட்டுக் கார்களைச் சேர்த்துக் குரங்கின் முகமாக்கியதும் இந்த ஜாதிதான். பிக்காஸோ பெயரைச் சொன்னால் தலையாட்டுகிற நம் நண்பர்கள் சோழி ஆமையை வீட்டுக்கு வாங்கிப்போக வெட்கப்படுவார்கள். எனக்கு அந்த வெட்கம் இல்லை.

ஆகவே என் அளவுகோல் இது. மாற்றியதில் மூலம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். முழுக்க மறைந்துவிட்டால், புதிதாகவே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மூலம் மட்டுமே தெரிந்தால் அது ஹாஸ்யம், ஒருதரம் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் மண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்கிறார்கள். கொலுவுக்கு, விநாயக சதுர்த்திக்கு, கிறிஸ்துமஸ் குடிலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே ஊர், அதே கைகள். மூன்று ராஜாக்களின் முகத்திலும் கொலுச் செட்டியார் முகத்திலும் ஒரே சாயலை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் உடைந்துபோன குடில் செட் ஒன்றிலிருந்து ஓர் இடையன் என் மேஜைக்கு வந்தான். மண்டியிட்ட நிலை. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. (மாதாவையும் சூசையப்பரையும் யாரும் எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வணங்கப்பட்ட உருவம் உடைந்தாலும் அதற்குப் போக வேறு இடங்கள் உண்டு.) எம்-சீலைப் பிசைந்து கை வைத்தேன், கையில் கோடரி வைத்தேன், முகத்தில் தந்தங்கள், தோளில் இரும்புத் தகடு. கூட்டத்தில் ஓர் அரக்க வீரன் தயார். ஆனால் அவன் மண்டியிட்டிருந்தான். யுத்தப் பொம்மை எதுவும் மண்டியிட்டுக் கோடரி பிடிக்காது. பாயும், அல்லது ஓங்கும். இந்தத் தொழிலில் தேர்ந்தவன் காலை அறுத்து நேர் செய்திருப்பான். நான் விட்டுவிட்டேன். தொழுவதற்காக மடிந்த முழங்கால் மடிந்தபடி இருக்க, கையில் கோடரி. தோற்றவனா, சபதம் எடுப்பவனா, தலையைக் கொடுக்கக் காத்திருப்பவனா என்று சொல்ல முடியவில்லை. பெத்லகேமை நோக்கிச் செய்யப்பட்ட முழங்கால், யாரோ ஒரு குயவரின் தீர்மானம், என் அரக்கனுக்குள் தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. இதை நான் யோசித்து அடைந்திருக்க முடியாது.

கன்வெர்ஷன் என்ற வார்த்தையை எங்கள் கரையில் லேசாகச் சொல்லிவிட முடியாது. முத்துக்குளிப்புக் கரையின் பரதவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் வந்தது 1542இல். இது பற்றிப் போலீஸ் விமர்சனமும் உண்டு, பெருமைப் பேச்சும் உண்டு. நான் பார்ப்பது உருவத்தை மட்டும். ஜூலை 26 அன்று பனிமய மாதா கோவிலில் கொடியேறுகிறது, ஆகஸ்டு 5 திருவிழா. விசேஷமான வருஷங்களில் தங்கத் தேர் இழுக்கப்படுகிறது. கொடியேற்றமும் தேரும் வடமும் எங்கிருந்து வந்தன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தேர் ஒரு நிமிஷமும் தேராக இல்லாமல் போகவில்லை. மாதாவும் தேருக்காக மாறிவிடவில்லை. மூலத்தை மறைக்க ஒருவரும் முயலாததால்தான் அது நானூறு வருஷத்துக்கும் மேலாக ஜனங்களின் கையில் இருக்கிற ஒரு வழிபாட்டுக்குப் பொருந்தி நிற்கிறது. நம் நவீன நாடகக்காரர்கள் கூத்திலிருந்து நாலு அடவை எடுத்து ஒட்டும்போது இது நிகழாதது ஏன் என்று யோசிக்கலாம். அங்கே அடவு சிப்பி மயிலின் சிப்பி.

வர்ணத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு தொழில் விஷயம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. 28 மில்லிமீட்டர் உருவத்தின்மேல் விழும் வெளிச்சம் அதைச் சிறியதென்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனிதன் அளவு உடையில் மடிப்புக்குள் இருள் தங்கும். இவ்வளவு சிறிய மடிப்பில் தங்காது, அறை விளக்கு எல்லாவற்றையும் சமமாகக் கழுவிவிடும். ஆகவே நிழலையும் வரைய வேண்டும். நீர்த்த கரும்பழுப்பைக் குழிகளில் ஓடவிடுவது, ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் வெளுப்பாகத் தடவுவது, விளிம்பில் மயிரிழைக் கோடு இழுப்பது எல்லாம் இதற்காகத்தான். இல்லாத சூரியன் ஒன்றை மேலே வைத்து, அது விழுந்தால் எப்படி இருக்குமோ அதை உருவத்தின்மேலேயே எழுதிவிடுகிறார்கள். கொலு பொம்மைக்கு இது வேண்டாம். ராமன் என்றால் நீலம், அனுமன் என்றால் பச்சை, தட்டையான பளபளப்பு. தெய்வத்தை அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவே. அதன்மேல் விழும் வெளிச்சம் படியில் வைத்த விளக்கின் வெளிச்சம்.

நம் சின்னக் கவிதைகளைப் படிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை. நாவலுக்கு நிழல் தானாக விழும். பக்கங்கள் போகப்போக இருள் சேர்ந்துவிடும். எட்டு வரிக் கவிதைக்கு அந்தச் சௌகர்யமில்லை, தன் நிழலைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் சின்னதாக எழுதிவிட்டால் போதும், ஆழம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இன்னொரு பக்கம், ஒவ்வொரு மடிப்பிலும் கறுப்பை ஊற்றி வைக்கிறவர்களும் உண்டு. பொம்மை வட்டாரத்திலும் அந்த வியாதி இருக்கிறது.

என் அளவுகோலுக்கு ஒரு சங்கடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக அரசாங்க முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு பார்கள் விளையவில்லை. 1973இல் இங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். முறை இதுதான். ஓட்டிலிருந்து கடைந்த ஒரு சிறு உருண்டையை, இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கோடு சேர்த்து, உயிருள்ள சிப்பிக்குள் வைப்பது. அது உருண்டையைச் சுற்றி மெல்லிய பூச்சாகப் பூசிக்கொண்டே போகும். மெல்லிதாகப் பூசு, காயவிடு, மறுபடி பூசு என்று பொம்மைக்காரர்கள் புதியவனுக்குச் சொல்லித் தருவதைச் சிப்பி யாரிடமும் கேட்காமல் செய்கிறது. இப்படி வந்த முத்தில் உள்ளே இருக்கும் உருண்டை கண்ணுக்குத் தெரிவதில்லை, எக்ஸ்ரேயில்தான் தெரியும். மூலம் முழுக்க மறைந்துவிட்ட கன்வெர்ஷன். என் கணக்குப்படி இது தோல்வியாக இருக்க வேண்டும். ஆனால் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தெரிவதும் வேலை செய்வதும் ஒன்றல்ல என்றுதான் இதற்குப் பதில் சொல்லத் தோன்றுகிறது. முத்தின் உருட்சி மனிதன் கடைந்தது, அந்த உருட்சி மேல் பூச்சு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஒளி மட்டும் சிப்பியுடையது. புதுமைப்பித்தனிடம் சிலர் தேடிப் பிடிக்கும் பிறமொழி மூலங்களை இப்படிப் பார்த்தால் என்ன? உருண்டை எங்கே வாங்கியது என்று எக்ஸ்ரே எடுப்பது தப்பில்லை. பூச்சு எத்தனை, எவ்வளவு தடிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நிலக்காட்சி. உருவத்தில் காட்டும் சிரத்தையை இங்கே யாரும் காட்டுவதில்லை, மேற்கத்தியர்களும் பல சமயம் பாழ்மண்டபத்தையே திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். நம் கொலுவில் பார்க் கட்டுகிற பெண்களின் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்கவிட்ட புல்வெளி, அதன் நடுவே குளமாக ஒரு கண்ணாடித் துண்டு. ஒன்பது நாளில் புல் வளர்ந்து பொம்மைகளை மூடப்பார்க்கும். எந்தக் கம்பெனி விற்கும் செயற்கைப் புல்லும் இதைச் செய்யாது. எங்கள் ஊர்க் குடில்களில் பஞ்சைப் பிய்த்துப் பனி போடுகிறார்கள். பனியே விழாத ஊர், ஆனால் காவல் தெய்வம் பனிமய மாதா. பஞ்சோ, இந்தத் துறைமுகம் வழியாகப் போன சரக்கு. அந்தப் பஞ்சை இரவல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நான் இப்போது கட்டிக்கொண்டிருப்பது ஓர் உப்பளம். இரண்டடிக்கு இரண்டடி, தெர்மோகோல் தளம், பாத்திகள், வரப்பு, கீற்று மூடிய உப்புக் குவியல்கள், ஓரத்தில் துருப்பிடித்த ஒரு பம்பு ஷெட். துருவுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் செம்பழுப்பு அடித்து, ஹேர் ஸ்ப்ரே அடித்து, ஈரத்தில் கல்லுப்பைத் தூவி, காய்ந்தபின் மேலே பச்சை வர்ணம் அடிக்க வேண்டும். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால் பச்சை பெயர்ந்து அடியிலுள்ள துரு தெரியும். அசலில் இரும்பைத் தின்கிற அதே உப்புதான் இங்கே இரும்பே இல்லாத இடத்தில் அதே தழும்பைப் போட்டுவிட்டுப் போகிறது. உப்புக் குவியலுக்கு மட்டும் உப்பு உதவாது. ஐப்பசி மழைக் காற்றில் நீர்விட்டுக் கசிந்து, தளத்தையும் கெடுத்துவிடும். குவியல்களைச் சலவைக்கல் தூளும் பசையும் குழைத்துச் செய்திருக்கிறேன். பாத்தித் தண்ணீருக்குக் கண்ணாடி வைப்பதா, வார்னிஷ் ஊற்றுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.