கத்திக்கு முன்னும் பின்னும்

புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம் தாண்டி, மூலக்குளம் வழியாக அரும்பார்த்தபுரம் வரை நீளும் விழுப்புரம் சாலையில் காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். பஸ், லாரி, பள்ளி வேன், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு விரையும் பைக்குகள். இவற்றுக்கு நடுவே ஒருவர் சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டால், அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐஸ் ஒத்தடம், வலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு செய்யும் புத்தூர் கட்டு, அதற்கும் அடங்காவிட்டால் எம்ஆர்ஐ ஸ்கேன். அறிக்கையில் ஜவ்வு கிழிந்திருப்பதாக வந்துவிட்டால், ஆபரேஷனுக்குப் பணம் புரட்டும் பேச்சு தொடங்கிவிடும். கிழிந்ததைத் தைக்கத்தானே வேண்டும்?

சில காயங்களில் ஆம், தயங்காமல் செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்தளம் உடைந்து உள்ளே அமிழ்ந்துவிட்டால், அந்தத் தளத்தைத் தூக்கிச் சமப்படுத்தி, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து நிறுத்துவதைவிட மேலான வழி இல்லை. மூட்டின் பரப்பை ஒழுங்காகச் சேர்த்து, உறுதியாகப் பிடித்து, சீக்கிரமே அசைக்கத் தொடங்க வேண்டும் என்பதை 1958-இல் சுவிட்சர்லாந்தில் கூடிய ஏஓ குழு என்ற அறுவை மருத்துவர்கள் நெறியாக வகுத்தார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து, கடைசியில் மடக்க முடியாத காலோடு எழுந்தவர்கள் ஏராளம். முழங்காலின் குருத்தெலும்பு மெத்தையான மெனிஸ்கஸ் கிழிந்து, அதன் துண்டு நடுவில் சிக்கி முழங்கால் பூட்டிக்கொள்வதும், இளைஞரின் தோள்பட்டை திரும்பத் திரும்ப நழுவுவதும் இதே வரிசையில் வரும்.

புத்தூர் கட்டின் பெயரும் இங்கேதான் சோதனைக்கு உள்ளாகிறது. விலகாத முறிவு, எந்தக் கட்டுப் போட்டாலும் பெரும்பாலும் தானாகவே கூடும். புகழ் கட்டுக்குப் போகும். மூட்டுக்குள் உடைந்த எலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்களின் கதை வேறு. அவர்களின் மெனிஸ்கஸ் பெரும்பாலும் அடிபட்டுக் கிழிவதில்லை. தேய்ந்து நைந்து கிழிகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முழங்கால்களை ஸ்கேன் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இருந்திருக்கவில்லை. ஸ்கேன் எதையோ காட்டுகிறது, கால் வேறெதற்கோ வலிக்கிறது என்பது நடக்கக்கூடியதுதான்.

இன்னும் துணிச்சலான சோதனை, ஆபரேஷன் செய்வதுபோல் பாவனை காட்டுவது. 2002-இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கண்காணித்ததில், உள்ளே கழுவிச் சுத்தம் செய்துகொண்டவர்கள் இவர்களைவிட ஒரு படிகூட மேலாக இல்லை. 2013-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், தேய்மானக் கிழிசல் உள்ள 146 பேரிடம் செய்ததிலும் அதே முடிவு. இத்தகைய முழங்கால்களுக்கு, சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம் என்று 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வழிகாட்டுதல் அழுத்தமாகவே பரிந்துரைத்தது. இதற்குப் பின்னும் ஐம்பது வயதுக்காரரின் ஸ்கேனைப் பார்த்த உடனே தேதி குறிக்கும் மருத்துவரிடம், இன்னொருவர் கருத்தையும் கேட்டு வருகிறேன் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

இந்த இரண்டு வகைக் காயங்களுக்கும் நடுவில் நிற்பது முழங்காலின் ஏசிஎல் என்ற லிகமெண்ட். பந்தைத் துரத்திச் சட்டென்று திரும்பும்போதும், பைக் சாய்ந்து கால் முறுக்கும்போதும் அறுவது இதுதான். 2010-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களுக்கு முதலில் பிசியோதெரபி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டு முடிவில் வலியிலும் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் கத்திக்கு வந்தார்கள். மீதிப் பாதி வரவேயில்லை. ஆனால் பிரிட்டனில் 316 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. காயம் பட்டு மாதங்கள் ஆகியும் கால் நழுவுகிறது என்றவர்களுக்கு ஆபரேஷனே மேலான பலன் தந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் தெரியவில்லை: சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்கலாம், அப்போதும் கால் நம்பிக்கை தராவிட்டால் தாமதிக்கக் கூடாது.

சிக்கல் ‘ஒழுங்காக’ என்பதில் இருக்கிறது. 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்துக்கு ஜனவரியில் மும்பையில் முழங்கால் லிகமெண்ட் அறுவை நடந்தது. அவர் மறுபடி களமிறங்கியது 2024 மார்ச்சில். ஏறக்குறைய பதினான்கு மாதம், பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியின் நிபுணர்கள் கூடவே இருந்து தேற்றிய கால் அது. களம் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடும்போதும் மறுகாய வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று நார்வே ஆய்வு ஒன்று 2016-இல் காட்டியது. ஆபரேஷன் செய்துகொண்டாலும் போட்டி விளையாட்டுக்குத் திரும்புகிறவர்கள் 55 சதவீதம்தான் என்று 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. கத்தி வைத்ததுமே பழைய கால் வந்துவிடும் என்று நம்பிப் படுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்வது மருத்துவர் கடமை.

ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்பு எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தமிழகம் 2022 நவம்பரில் கொடூரமாகக் கண்டது. சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் லிகமெண்ட் அறுவை செய்துகொண்ட 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு, காலில் சுற்றிய இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டது. காலை அகற்றியும் பலனில்லை. நவம்பர் 15 அன்று உயிரிழந்தார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அபூர்வமான விபரீதம்தான், ஆனால் கட்டு இறுகுகிறதா, விரல் குளிர்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு எந்த நவீனக் கருவியும் தேவையில்லை.

பணத்தின் கணக்கும் ஆபரேஷனோடு நின்றுவிடும் இதே கோணலில்தான் ஓடுகிறது. முழங்கால் மூட்டு மாற்றுக்கு வைக்கும் கோபால்ட் குரோமியம் செட்டின் விலையை 2017 ஆகஸ்டில் மத்திய அரசு சராசரி 1.58 லட்சத்திலிருந்து 54,720 ரூபாயாகக் குறைத்தது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது; ஆனால் வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவே அதில் அடங்கும். ஒன்பது மாதப் பயிற்சி யார் கணக்கில்? கோரிமேடு ஜிப்மருக்கும் கதிர்காமம் மருத்துவக் கல்லூரிக்கும் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஏராளம். அவர்களில் கூலித் தொழிலாளி ஒருவர் வாரம் மூன்று நாள் பிசியோவுக்கு வந்தால் மூன்று நாள் சம்பளம் போயிற்று. ஆகவே ஸ்குரூ காலுக்குள் சரியாக இருக்கும், தொடைத் தசை சூம்பிப்போயிருக்கும்.

நார்வே 2004-இலும் ஸ்வீடன் 2005-இலும் முழங்கால் லிகமெண்ட் அறுவைகளுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கின. யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதோடு, நோயாளி பிறகு எப்படி நடக்கிறார் என்பதும் அதில் ஏறுகிறது. இந்தியாவில் அப்படிக் கட்டாயப் பதிவேடு எதுவும் இல்லை. உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்துக் கைப்பிடி இல்லாமல் மாடி ஏறுகிறார்கள் என்று மூலக்குளத்து நோயாளி ஒருவர் கேட்டால், நேர்மையான மருத்துவரும் தன் நினைவிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.