யார் பெயரில் எழுதுவது?

பகலில் ஒரு பெயர், இரவில் ஒரு பெயர் என்று வாழ்கிற கதாநாயகனை நம் சினிமா ரசிகர்களுக்கு என்றைக்குமே பிடித்திருக்கிறது. பகல் ஆள் பரம சாது. யார் அதட்டினாலும் ஒதுங்கிப் போவான். இரவு ஆள் மதில் தாண்டுவான், பூட்டை உடைப்பான், அக்கிரமக்காரனைப் பிடித்துத் தண்டிப்பான். இருவரும் ஒருவரே என்பது படத்தில் வரும் மற்றவர்களுக்குத் தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். அந்த ரகசியத்தில் பங்கு கிடைக்கிற சந்தோஷத்துக்குத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுபது வருஷமாக ஒரு சமூகம் ஒரே கதையைக் காசு கொடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறது என்றால், அந்தக் கதையால் தீர்கிற குறை ஒன்று அதன் மனத்தில் இருக்கத்தான் வேண்டும். அது என்ன குறை என்பதுதான் என் கேள்வி.

மாறுவேஷம் நமக்குப் புதிதல்ல. நான் இதை எழுதுவது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் இருந்துகொண்டு. இந்த ஊரின் பெரிய கதையே ஒரு மாறுவேஷக் கதைதான். 14ஆம் நூற்றாண்டில் இங்கே தலைநகர் வைத்திருந்த ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளனைச் சோதிக்கச் சிவபெருமான் ஓர் அடியார் வேஷத்தில் வந்தார் என்பது புராணம். கேட்கக் கூடாததைக் கேட்டார். அரசன் வாக்குத் தவறவில்லை. அவன் இளைய ராணி தொட்டபோது அடியார் குழந்தையாகிப் போனார். பிள்ளையில்லாத அரசனுக்குத் தாமே பிள்ளையாக இருந்து கடைசிக் காரியம் செய்வதாக வாக்கும் கொடுத்தார். கோயிலில் வல்லாள மகாராஜன் கோபுரம் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு மாசி மாதமும் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்துக்கு எழுந்தருளி, வல்லாளனுக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. வேஷம் மேலே இருப்பவருடையது. கடவுளும் ராஜாவும்தான் நம் கதைகளில் கீழே இறங்கி வருவதற்காக வேஷம் போட்டார்கள். நகர்சோதனை போன அரசர்கள் எல்லாரும் இந்த வகை. இரண்டாவது, வேஷம் கலைந்த பிறகு ஒரு கடமை பிறக்கிறது. வேஷம் போட்டு ஒருவனைச் சோதித்தவர், அந்தக் கடனை வருஷா வருஷம் ஊரறியத் தீர்த்துவருகிறார்.

நவீன கால வேஷம் இதற்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உண்டாக்கிய சூப்பர்மேன் 1938ல் அமெரிக்காவில் வெளிவந்தான். இருவரும் வேறு தேசத்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய நாயகனும் வேறு உலகத்திலிருந்து குடியேறியவன்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, கிளார்க் கென்ட் என்ற அமெரிக்கப் பெயரில், பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிறான். பயந்த சுபாவமுள்ள அந்தக் கென்டிடம் எந்தச் சாதாரண மனிதனும் தன்னைக் கண்டுகொள்ளலாம். தன் கோட்டுக்குள்ளும் ஒரு மகாசக்தன் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் என்று இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1962ல் எழுதினார். பெரிய நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று யாருக்கும் தெரியாது. அங்கே கண்ணாடியைக் கழற்றினால் போதும், ஆள் மாறிவிடுகிறான்.

நம் ஊரில் இது நடக்குமா? ஒரு புது ஆள் தெருவில் குடிவந்தால் மறுநாள் காலைக்குள் எந்த ஊர், யார் பிள்ளை, என்ன ஜாதி, என்ன சம்பளம் என்பது தெருமுழுக்கத் தெரிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் நம்மவர்கள் ஏமாறுவதில்லை. ஆகவே நம் படங்களில் இரட்டை வேஷம் போடுகிறவன் கண்ணாடியோடு நிற்பதில்லை, குலத்தையே மாற்றிக்கொள்கிறான்.

1954ல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ இதற்கு முதல் சாட்சி. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல் அது. கோயமுத்தூர் பட்சிராஜாவின் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தார், வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். குமாரவீரனாகப் பிறந்தவன் மலையில் கள்ளனாகவும் ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற செல்வாக்குள்ள வியாபாரியாகவும் வாழ்கிறான். கள்ளனைத் தேடுகிற கண்களுக்கு வியாபாரி தெரிவதில்லை. கொடுக்கல் வாங்கலில் நாணயஸ்தன் என்று பெயரெடுத்த ஒரு முஸ்லிம் பெரியவரை யார் சந்தேகிப்பார்கள் என்பதுதான் கதையின் பூட்டும் சாவியும். தெலுங்கிலும் இந்தியிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் சிங்களத்திலும்கூட இந்தக் கதையை எடுத்தார்கள். ஊருக்கு ஊர் இந்தப் பூட்டு பொருந்தியிருக்கிறது.

முப்பத்தொன்பது வருஷம் கழித்து, 1993ல், ஷங்கர் ‘ஜென்டில்மேன்’ எடுத்தபோது வியாபாரியின் இடத்துக்கு அப்பளக்காரக் கிச்சா வந்தான். அக்கிரகாரத்துச் சாதுவின் பேச்சும் நடையும் அவன் போட்டுக்கொண்ட வேஷம். அடியில் இருப்பவன் கொள்ளைக்காரன். மருத்துவக் கல்லூரி இடத்துக்கு நன்கொடை கேட்ட அநியாயத்தால் நண்பனையும் தாயையும் இழந்தவன், இலவசக் கல்லூரி கட்டுவதற்காகக் கொள்ளையடிக்கிறான். மலைக்கள்ளனுக்கு முஸ்லிம் வியாபாரியின் மரியாதை தேவைப்பட்டது. கிச்சாவுக்கு அப்பாவிப் பிராமணனின் மரியாதை. அந்தந்தக் காலத்தில் போலீஸ்காரர் எந்த முகத்தைச் சந்தேகிக்க மாட்டார் என்று ஜனங்கள் நினைத்தார்களோ, அந்த முகத்தை நம் கதாநாயகன் மாட்டிக்கொள்கிறான். எந்தச் சமூக நூலையும்விட இந்த இரண்டு படங்களும் இந்த விஷயத்தைப் பச்சையாகச் சொல்கின்றன.

2005ல் வந்த ‘அந்நியன்’ இன்னும் ஒரு படி போயிற்று. அம்பி என்கிற வக்கீல் எதற்கும் சட்டப்படி புகார் கொடுப்பவன். அவன் புகாரை யாரும் மதிப்பதில்லை, ஊரே சிரிக்கிறது. அவனுக்குள்ளிருந்தே, அவனுக்கே தெரியாமல், தலைமுடியால் முகத்தை மறைத்துக்கொண்டு தண்டிப்பவன் புறப்படுகிறான். அவனுக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். அந்நியன்! தண்டிப்பவனுக்குத் தெருவோ உறவோ ஜாதியோ இருக்கக் கூடாது; இருந்தால் அவன் கையைக் கட்டிவிடுவார்கள் என்று ஜனங்கள் உள்ளூர நினைப்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

இது சினிமாக்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த எண்ணமென்று நான் சொல்ல மாட்டேன். செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் ஒருவரோடு எனக்குப் பழக்கம். அவர் கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அடைப்புக்குக் காரணமான வேலையைச் செய்தவர் யாரென்று தெருவுக்கே தெரியும். “அந்நியன் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் சார் இவங்கள்லாம் திருந்துவாங்க” என்றார்.

“அதற்கு முன்னால் ஒரு மனு எழுதிப் போட்டுப் பார்க்கலாமே” என்றேன்.

“போடலாம். யார் பேர்ல சார் எழுதறது?” என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கடையும் இதே தெருவுலதானே இருக்கு” என்றார்.

இரட்டை வேஷப் படங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. சட்டம் இல்லை என்பதல்ல அவருடைய குறை. நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்தாயிற்று. உச்ச நீதிமன்றமும் அதே வருஷம் நன்கொடை வசூல் செல்லாது என்றது. ‘ஜென்டில்மேன்’ வந்தது அதற்கு அடுத்த வருஷம். தகவல் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 2005 அக்டோபரில். ‘அந்நியன்’ வெளியானதும் அதே வருஷத்தில்தான். தமிழ்நாடோ 1997லேயே அப்படி ஒரு சட்டம் செய்து மற்ற மாநிலங்களை முந்திக்கொண்டது. 10 ரூபாய் கட்டினால் யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது. கேட்பவன் எழுதவேண்டியதெல்லாம் பெயரும் விலாசமும்தான்.

அந்தப் பெயரும் விலாசமும்தான் இடறுகிற இடம். 2012ல் இதே திருவண்ணாமலையில், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேள்வி கேட்டுவந்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் முகமூடி போட்டவரல்லர். சொந்தப் பெயரில் எழுதினார். சொந்தத் தெருவில் நடந்தார். அவருடைய முடிவை அறிந்த ஊரில் சைக்கிள் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார் என்றால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகமூடிக் கதாநாயகனுக்குக் கைதட்டுகிறவர்களைப் பாமரர்கள் என்று பரிகசிக்கும் விமர்சகர்கள் இந்த விலாசப் பிரச்னையை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் படங்களின் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நம் பயத்தை அவை சரியாகக் கண்டுபிடித்தன. மருந்தைத்தான் தவறாகக் கொடுத்தன. ‘அந்நியன்’ படத்தில் ஒரு பெரிய அரங்கம் நிறைய ஜனங்கள் கூடுகிறார்கள். எதற்காக? தண்டிப்பவன் பேசுவதைக் கேட்பதற்காக. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவராவது எழுந்து ‘நானும் கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்வதில்லை. தனி ஒருவன் பெயர் போட்டால் வீட்டுக்கு ஆள் வரும். தெருவே பெயர் போட்டால் எத்தனை வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியும்? இந்தச் சாதாரணக் கணக்கு நம் கதாசிரியர்களுக்குச் சுவாரஸ்யமாகத் தோன்றுவதில்லை. தெருவைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஒருவனையே ஓடவிடுகிறார்கள்.

முடிவும் அப்படித்தான். அம்பிக்கு வைத்தியம் செய்கிறார்கள். குணமாகிவிட்டான் என்று விடுகிறார்கள். சிறு வயதில் அவன் தங்கை சாவதற்குக் காரணமாயிருந்தவனை ரயிலில் பார்த்ததும், அம்பியின் முகத்தோடேயே அவனைக் கொன்றுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறான். கொட்டகையில் ஆரவாரம்! இரண்டு ஆட்களும் ஒன்றாகிவிட்டார்கள் என்று படம் சொல்லாமல் சொல்கிறது. எனக்கு அங்கே காணாமற்போனவன் அம்பியாகத்தான் தெரிந்தான். பெயர் போட்டுப் புகார் எழுதிய ஒரே மனிதன் அவன்தான். அவனைத்தான் நோயாளியாக்கிக் கடைசியில் கொலைக்காரனுக்குள் கரைத்துவிட்டார்கள். வல்லாளன் கதையில் வேஷம் கலைந்ததும் கடமை வந்தது. இங்கே வேஷம் கலைந்ததும் யாருக்கும் பதில் சொல்லவேண்டாத சுதந்திரம் வருகிறது.

நான் குடியிருக்கும் பகுதியில் பெயரைப் பற்றி வேறொரு செய்தியும் உலவுகிறது. 1896ல் மதுரையை விட்டு இங்கே புறப்பட்ட பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்தான். ‘நான்’ என்று தொடங்கியவன் நடுவிலேயே தன்னை ‘இது’ என்று எழுத ஆரம்பித்துவிட்டான். கையெழுத்துக்குப் பதில் கோடு மட்டும் போட்டான். அவரைத் தேடி வருகிறவர்கள் இன்றும் இதைச் சொல்லி வியக்கிறார்கள். பெயரை விட்டவருக்கு யாரிடமும் கணக்குத் தீர்க்கவேண்டியிருக்கவில்லை. பெயரை ஒளித்தவனுக்கோ கணக்கு மட்டும்தான் பாக்கி. பெயரை விடுவது வேறு, ஒளிப்பது வேறு. நம் ரசிகர்கள் சில சமயம் இரண்டாவதையும் தியாகம் என்று மயங்கிவிடுகிறார்கள்.

வேறு வழியே படங்களுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2023ல் மடோன் அஸ்வின் எடுத்த ‘மாவீரன்’ படத்தில் நாயகன் சித்திரக்கதை வரைகிற ஒரு பயங்கொள்ளி. அவன் தாள்மேல் ஒரு வீரனை வரைகிறான். அந்த வீரனுடைய குரல் அவன் காதில் கேட்கத் தொடங்குகிறது. வேறு யாருக்கும் கேட்பதில்லை. எதிரி வேற்றுக் கிரகவாசியல்லன். குடிசைவாசிகளுக்குக் கட்டிக் கொடுத்த, கைவைத்தால் உதிர்கிற அடுக்குமாடிக் கட்டடம். இந்த நாயகனுக்கு முகமூடி இல்லை, வேறு பெயர் இல்லை, வேஷம் போட வேறொரு குலமும் இல்லை. பயப்படுகிறபோதும் தைரியப்படுகிறபோதும் அண்டை அயலார் பார்க்கிற அதே முகம்தான். படத்தில் சண்டைகளும் சினிமாச் சௌகரியங்களும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. இருந்தாலும், பயந்தவன் தன் சொந்த முகத்தோடு, தன் ஜனங்களின் நடுவில் நிற்கலாம் என்று ஒரு வெகுஜனப் படம் சொல்லியிருக்கிறது. மலைக்கள்ளனிலிருந்து கணக்கெடுத்தால், அந்த ஓர் அடியை எடுத்துவைக்க நமக்கு அறுபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சைக்கிள் கடைக்காரரின் கேள்விக்கு அந்தப் படமும் முழுப் பதில் சொல்லவில்லை. ஒருவன் எழுதிய மனுவில் இரண்டாவது கையெழுத்து யாருடையது என்கிற இடத்திலிருந்து ஒரு தமிழ்ப் படம் தொடங்கவேண்டும். அந்தக் கதையில் பறக்கிற ஆள் யாரும் இருக்க மாட்டான். ஆனால் தெரு முழுக்க ஆள் இருக்கும்.