நோயாளி சொல்வதுதான் வலியா? ஓர் இலக்கணத்தின் மீது விமரிசனம்

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. வலியை நேராக அளக்கும் கருவி மட்டும் இன்றுவரை இல்லை. அப்படியானால் அடுத்தவர் வலியை நாம் எவ்வாறு அறிவது? 1968-ல் மார்கோ மக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ் இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை தந்தார். வலி என்பது எது, அது எப்போது இருக்கிறது என்பதற்கெல்லாம் நோயாளியின் சொல்லே சான்று என்பது அதன் சாரம். செவிலியர் கல்வியில் இன்றும் எடுத்தாளப்படும் அந்த வாக்கியத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

அதன் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். காயம் சிறிதானால் வலியும் சிறிது, சிரித்துப் பேசுகிறவருக்கு வலியே இல்லை என்றெல்லாம் நாம் எளிதாகக் கணக்குப் போட்டுவிடுகிறோம். உடலியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு இருக்கிறது, வலிச் செய்திகள் மூளைக்குப் போகும் வழியிலேயே அங்கே கூடவும் குறையவும் செய்கின்றன என்று மெல்சாக், வால் இருவரும் 1965-ல் விளக்கினார்கள். விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி தணிகிறதல்லவா? ஆகவே ஒரே அளவு காயம் இருவருக்கு ஒரே அளவு வலியைத் தரவேண்டும் என்பதில்லை. காயத்தைப் பார்த்தால் போதாது, நோயாளியைக் கேட்கவேண்டும். இதில் மக்காஃபரி சொன்னது முற்றிலும் சரி.

ஆனால் அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் 'சொல்வது' என்ற ஒரே வினைச்சொல்லின் மேல் நிற்கிறது. சொல்ல முடியாதவர் கதி என்ன?

குறைமாதக் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். 1980-களில்கூட அவர்களில் பலருக்கு, தசையைத் தளர்த்தும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து இதய நாளத்தில் அறுவை செய்தார்கள். பச்சிளம் சிசுவுக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கையும், வலி மருந்து ஆபத்து என்ற அச்சமும்தான் காரணம். ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த இந்தியரான கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய தோழர்களும், ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடலில் அதிர்ச்சியைக் காட்டும் ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின, அறுவைக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைந்தன என்று 1987-ல் காட்டினார்கள். வாய் பேசாததை இரத்தம் பேசிற்று!

சர்வதேச வலி ஆராய்ச்சிக் கழகம் 1979-ல் வெளியிட்ட இலக்கணத்திலும் 'விவரிக்கப்படுவது' என்ற சொல் இருந்தது. 2020-ல் அதை நீக்கிவிட்டு, சொல்ல இயலாமை வலி இல்லாமை ஆகாது என்ற விளக்கத்தையும் சேர்த்தார்கள். நாற்பத்தோராண்டுகள்! மக்காஃபரியும் தம் பிற்கால நூல்களில் நோயாளியின் நடத்தையைக் கவனிக்கச் சொன்னார் என்பதை நியாயத்துக்காகக் குறிப்பிடவேண்டும். ஆனால் மாணவர் மனத்தில் தங்கியதென்னவோ அந்த ஒற்றை வாக்கியந்தான்.

சொல்லக்கூடியவரிடமும் சங்கடம் உண்டு. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே சென்று செய்யும் நோய்த்தணிப்புச் சேவையும் அடங்கும். சென்னைக்குத் தெற்கே கோவிலம்பாக்கத்தில் அப்படி ஒரு வீட்டுக்கு நர்ஸ் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வலி இருக்கா பாட்டி?" "பரவால்ல கண்ணு." இலக்கணப்படி விஷயம் இத்துடன் முடிந்தது. பூச்சியம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னால் 'அஞ்சு' என்பார். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "எப்படி வலிக்குது?" என்று கேட்டால்தான், "மிளகா அரைச்சுப் பூசினாப்பல பாதம் எரியுது" என்று வரும். எரிச்சல் என்றதும் நரம்புக் கோளாறைச் சந்தேகிக்கலாம். அதற்குச் சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் போதமாட்டா. மருத்துவர் வேறுவகை மருந்தை நாடுவார். மெல்சாக் 1975-ல் தொகுத்த வினாத்தாளில் 78 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது என நம் வீட்டு முற்றத்திலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாட்டிக்கு நினைவு தவறியிருந்தால், புரட்டிப் படுக்கவைக்கும்போது முகம் சுளிக்கிறதா, மூச்சு மாறுகிறதா, கை எதையாவது இறுகப் பற்றுகிறதா என்று பார்க்கவேண்டும்.

பக்கத்தில் கட்டட வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளிக்கு நர்ஸின் தமிழ் புரியாது. அவருக்கு முகப் படங்களைக் காட்டலாம். அமெரிக்காவில் வோங், பேக்கர் என்ற இரு பெண்மணிகள் 1980-களில் குழந்தைகளுக்காக உருவாக்கிய ஆறு முகங்கள் அவை. ஆறாவது முகத்தில் கண்ணீர் வழிகிறது. அழுதால்தான் அதைக் காட்டவேண்டும் என்பதில்லை என்று படத்துடன் வரும் குறிப்பு சொல்கிறது; அதை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டுமே! சொல்லாவிட்டால், அழுது பழகாத அந்த மனிதரின் விரல் ஐந்தாவது முகத்தில் நின்றுவிடும். குறிப்பேட்டில் எட்டு என்று ஏறும்.