மகளுக்கு ஒரு கிளை

வம்சாவளி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கிறார்கள். தகப்பன், அவன் மகன், அந்த மகனுக்கு மகன் என்று இறங்கிக்கொண்டே வருவார்கள். மகள் பிறந்தாள் என்று ஒரு வரி இருக்கும். இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று அடுத்த வரி இருக்கும். அத்தோடு அவள் கதை முடிந்துவிடும். சொத்துக்கு உரியவர் யார் என்று தீர்மானிக்க இது போதும். ஒரு குடும்பத்தில் யாரிடமிருந்து யாருக்கு என்ன வந்து சேர்ந்தது என்று அறிய விரும்புகிற கதாசிரியனுக்கு இது போதாது.

இந்தக் குறையை நன்றாக உணர்த்துகிற புத்தகம் ஒன்று உண்டு. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையை நடத்திய கேதரின் கிரஹாம் எழுதிய சுயசரிதம் அது. பர்ஸனல் ஹிஸ்டரி என்று பெயர். 1997-ல் வெளிவந்து, மறு வருஷம் புலிட்ஸர் பரிசு பெற்றது. ஜனாதிபதி நிக்ஸனை ஆட்டிவைத்த பத்திரிகையின் கதை என்பதற்காகவே பலர் அதைக் கையில் எடுக்கிறார்கள். எனக்கு வாட்டர்கேட்டைவிட அதன் முற்பகுதியில்தான் சுவை அதிகம். அங்கேதான் அவர் தம் குடும்பத்தின் வேர்களைத் தேடிப் போகிறார்.

பாட்டனார் மார்க் யூஜின் மேயர், அல்ஸாஸ் பிரதேசத்திலிருந்து 1859-ல் கலிபோர்னியாவுக்கு வந்து வியாபாரத்தில் முன்னுக்கு வந்த யூதர். அவர் மகன் யூஜின் மேயர் 1875-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் வளர்ந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டினார். 1933 ஜூன் முதல் தேதி, திவாலாகிக் கிடந்த வாஷிங்டன் போஸ்ட்டை ஏலத்தில் 8,25,000 டாலருக்கு எடுத்தார். வழக்கமான வம்சாவளி எழுதுகிறவர், பத்திரிகைத் தொழில் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள் இதுதான் என்று எழுதி முடித்துவிடுவார்.

அது சரியல்ல என்பது இந்தப் புத்தகத்தைப் படித்தால் தெரியும். கேதரினின் தாயார் ஆக்னஸ் எர்ன்ஸ்ட், ஜெர்மானிய வழி வந்தவர். 1910-ல் கல்யாணம் ஆவதற்கு முன்பே நியூயார்க் ஸன் பத்திரிகையில் நிருபராக வேலை பார்த்தவர். செய்தி சேகரிக்கப் பெண்கள் போவது அபூர்வமாக இருந்த காலம் அது. ஆக, பத்திரிகை அந்த வீட்டுக்குள் இரண்டு முறை நுழைந்திருக்கிறது. முதலில் தாயார் வழியாகத் தொழிலாக வந்தது. பிறகு தந்தை வழியாகச் சொத்தாக வந்தது. 1953-ல் ஆக்னஸும் ஒரு சுயசரிதம் எழுதினார். வேர்கள் என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது.

தாயாரைப் பற்றி மகள் எழுதும் பக்கங்கள் புத்தகத்தின் சிறந்த பக்கங்கள். பிறரை அடக்கி ஆளும் குணம், தன்னைப் பற்றியே ஓயாத நினைப்பு, மகளைக் குறை சொல்லும் நாக்கு எல்லாவற்றையும் மூடி மறைக்காமல் எழுதுகிறார். பழி தீர்க்கும் தொனியும் இல்லை. வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். தந்தை யூதர் என்பதையும் பேச மாட்டார்கள் என்கிறார். குடும்பத்தில் பேசப்படாத விஷயங்களும் குடும்பச் சரித்திரம்தான் என்று அறிந்து எழுதியிருக்கிறார்.

அந்த மகள் 1938-ல், தந்தை வளர்ந்த ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து துறைமுகத் தொழிலாளர் தகராறுகளைப் பற்றிச் செய்தி சேகரித்தாள். மறு வருஷம் போஸ்ட்டில் வாசகர் கடிதங்களைக் கவனித்தாள். 1940-ல் பிலிப் கிரஹாமை மணந்தாள். சகோதரனோ வைத்தியத் துறைக்குப் போய்விட்டான். 1946-ல் தந்தை பத்திரிகையை மருமகனிடம் ஒப்படைத்தார். 1948-ல் ஓட்டுரிமையுள்ள பங்குகளைப் பிரித்தபோது மருமகனுக்கு 3,500, மகளுக்கு 1,500. எந்த ஆண்பிள்ளையும் மனைவியின் கீழ் வேலை பார்க்கும்படி ஆகக் கூடாது என்பது தந்தையின் நியாயம். தந்தை தன்னை அந்த இடத்துக்கு எண்ணியிருக்கலாம் என்பதே அப்போது தன் மனத்தில் உதிக்கவில்லை என்று கேதரின் எழுதுகிறார். அவர் கோபமில்லாமல் எழுதுவதால்தான் படிக்கிற நமக்குக் கோபம் வருகிறது. பெரிய நாவலாசிரியர்கள் அரும்பாடுபட்டுச் செய்கிற காரியம் இது.

மனநோயால் வாடிய பிலிப் 1963 ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார். நாற்பத்தாறு வயதில் கேதரின் பொறுப்பேற்றார். 1971 ஜூனில் வியட்நாம் யுத்த ரகசியத் தஸ்தாவேஜுகளை வெளியிடலாமா என்ற கேள்வி வந்தது. கம்பெனிப் பங்குகள் சந்தைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெளியிடுங்கள் என்றார். அந்த ஒரு சொல் பங்குப் பத்திரத்தோடு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸன் பத்திரிகையில் வேலை பார்த்த தாயாரிடமிருந்து வந்ததாகவே தோன்றுகிறது.

குறை சொல்லவும் இடம் இருக்கிறது. பிற்பகுதியில் விருந்துகளும் பிரமுகர் பெயர்களும் மிகுந்து கதை தேங்கிவிடுகிறது. 1975-ல் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. யந்திரங்கள் சேதப்படுத்தப்பட்டன. அந்த அத்தியாயம் முதலாளியின் ஜன்னலிலிருந்து பார்த்து எழுதியது. தம் வீட்டின் மூன்று தலைமுறையை ஆராய்ந்தவர், யந்திரத்தருகே நின்றவர்களின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போவதில்லை. ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளரிடம் போய்ப் பேசிய பெண் அங்கே எங்கே போனாள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கேதரின் 2001-ல் காலமானார். 2008-ல் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி பத்திரிகையின் வெளியீட்டாளர் ஆனார். 2013-ல் குடும்பம் அதை 25 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. எண்பது வருஷத்தில் சொத்து கைமாறிப் போய்விட்டது, புத்தகம் இருக்கிறது. குடும்பக் கதை எழுத நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும். படித்துவிட்டு, பாட்டனார் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பாட்டி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டுக்கொண்டு எழுத உட்காரட்டும்.