நிலவறை அடுமனையும் ஒரு சட்டமும்

ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்து ஆங்கிலச் சட்டங்களுள் தெளிவான உரைநடைக்குச் சான்று கேட்பார்க்கு, 1901ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, பட்டறைச் சட்டத்தின் அடுமனைப் பகுதியையே யான் காட்டுவேன். அதில் மழுப்பல் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதாயின் ஆறு திங்களுக்கு ஒருமுறை. எண்ணெய்ச் சாயமாயின் ஏழாண்டுக்கு ஒருமுறை மூன்று பூச்சு. கழிப்பிடம் அடுமனையை ஒட்டித் திறத்தலாகாது. தளம் நடைபாதையினும் மூன்றடிக்கு மேல் தாழ்ந்திருப்பின் அது நிலவறை அடுமனை. 1904 சனவரி முதல் நாளுக்குப் பின், அமைப்பும் ஒளியும் காற்றும் தக்கனவென மாவட்ட மன்றம் சான்றளித்தாலன்றி அங்கு ரொட்டி சுடலாகாது.

மக்கள் நலங்காத்த சட்டமென இதனைப் புகழ்வர். தகும். காற்றும் ஒளியும் தொழிலாளிக்கும் பயன்பட்டன, மறுப்பாரில்லை. ஆயினும், சுவருக்குத் தவணை வகுத்த இச்சட்டம், அச்சுவரினுள் இரவெல்லாம் நின்று மாப்பிசைந்தவனுக்கு வேலை நேரம் வகுக்கவில்லை. அவ்வரம்பு பெண்டிர்க்கும் இளையோர்க்கும் சிறார்க்குமே உரியது; வயதுவந்த ஆடவர்க்கு இல்லை. வந்த சுகாதாரப் பரிசோதகர் வடிகாலைப் பார்த்தார், சாளரத்தைப் பார்த்தார். தொழிலாளியின் உறக்கம் அவர் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டிய பொருளன்று! அடுமனையாளரின் இரவு வேலையை வரையறுத்த சட்டமொன்று 1954இல் நிறைவேறியது. அதுவும் 1986இல் நீக்கப்பட்டது.